உயிரோடு நிறுத்தவேண்டிய மரை

"மரைக்கு நாலு காலு, ஒங்களுக்கு ஒண்ணரைக் காலு. இதுல யாரு யாரைப் புடிக்கப் போறது?" என்று கேட்டாள் வேலாயி.

அவளுடைய கணவர் ஆண்டியப்பன், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, மடங்காத இடதுகாலை முன்னால் நீட்டிப் போட்டுக்கொண்டு, அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரத்தையும் உப்பையும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். வெளியே மூடுபனி தேயிலை மலையை முழுவதும் மறைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லை. லயம் இன்னும் எழும்பவில்லை.

"விரட்டுறது நாய் புள்ள. நான் சும்மா உக்காந்திருக்கத்தான் போறேன்."

"உக்காரத்தானே? இங்கனயே உக்காருங்க. நான் தேத்தண்ணி ஊத்தித் தாறேன்."

"இஸ்தோப்புக்கு மரை வராதே."

"வேட்டைக்காரனப் புடிக்க வனஜீவிக்காரன் வருவான். எழுபது வயசுல மறியல்ல கம்பி எண்ணப் போற மொத மனுசன் நீங்கதான்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு பழைய மேற்சட்டையும் துணியில் சுற்றிய ரொட்டியும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்று அவர் எதற்காகப் போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவள் வாய் திட்டியதே தவிரக் கை தடுக்கவில்லை.

ஆண்டியப்பன் தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கும் கவ்வாத்து மலையில் வேலை செய்த மனிதர். ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் வடியும் கானுக்குள் விழுந்தபோது மேலிருந்து உருண்ட கல் அவருடைய முழங்காலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றினார்கள். முழங்காலைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து அது ஒரு கம்பு மாதிரி நேராகவே நின்றுவிட்டது. இனி இந்த ஆள் காட்டுப் பக்கம் தலைவைக்க மாட்டார் என்று தோட்டமே நினைத்தது.

அவர் விடவில்லை. மரை காட்டு மான்களிலே பெரியது. கொம்பன் ஒரு மாட்டளவு நிற்கும். அதை ஓடிப் பிடிக்க யாராலும் முடியாது, நல்ல கால் இருந்தாலும் முடியாது. நாய் விரட்டினால் அது சுற்றிச் சுற்றி ஓடிக் கடைசியில் தண்ணீருக்குத்தான் இறங்கும். ஓடை குண்டாகத் தேங்கும் இடத்தில் வயிறளவு தண்ணீரில் நின்று, பின்புறத்தைப் பாறைக்குக் கொடுத்து, கொம்பை நாய்களுக்குக் காட்டும். எந்தக் குண்டில் நிற்கும் என்று தெரிந்தால் போதும். அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம். கால் உடைந்த பிறகும் ஆண்டியப்பன் வருஷம் தவறாமல் போய் உட்கார்ந்தார். பாவம் என்று கோயில் பூசாரி சொன்னால், "பாவந்தான் சாமி" என்று ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொண்டு அடுத்த மாதமும் போவார். வேட்டை அவருக்குள் ஒரு நோய் மாதிரி இருந்தது.

இன்றைய வேட்டை அப்படியல்ல.

ஆண்டியப்பன் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் மஃறூப்புக்கு உடப்புசல்லாவை பஜாரில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. இருவரும் வாலிப வயதில் காட்டில் கூட்டாளியானவர்கள். வேலாயி தலைப்பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் நினைவில்லாமல் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆண்டியப்பன் கடை வாசலில் நின்றார். பால்மா வாங்க வந்தவரிடமிருந்து பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோனாள் மஃறூப்பின் மனைவி பௌசியா. அவளுடைய மகன் இம்தியாஸ் அப்போது மடியில் பால்குடிக்கும் பிள்ளை. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் ஆண்டியப்பனின் மகன் சுதாகரன். வேலாயி எழுந்து நடக்கும்வரை அப்படித்தான். சுதாகரன் இன்று கொழும்பில் வேலை செய்கிறான். இன்னும் அவளை உம்மா என்றுதான் கூப்பிடுகிறான்.

அந்தப் பௌசியாவை வயிற்று நோய் தின்றுகொண்டிருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். சனம் திராட்சை கொண்டுவந்தது, சூப் கொண்டுவந்தது. அவள் எதையும் வாயில் வைக்கவில்லை. போன கிழமை ஆண்டியப்பன் பார்க்கப் போனபோது, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன், மொளகு போட்டு ஒரு துண்டு மரை எறச்சி. அது மட்டும் தின்னணும் போல ஈக்கிது."

"ஆட்டெறச்சி எடுத்துத் தாறேனே" என்றார் மஃறூப்.

"ஆடு ஆடுதானே" என்று அவள் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் ஆண்டியப்பனிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. மஃறூப் வீட்டில் மரை தின்ன வேண்டுமென்றால், அதன் கழுத்தை மஃறூப் தன் கையால், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி அறுக்க வேண்டும். அறுக்கும்போது அதற்கு உயிர் இருக்க வேண்டும். ஈட்டியில் செத்தது ஆகாது, நாய் கொன்றது ஆகாது. அதனால் இந்தக் கூட்டாளிகளிடம் ஆரம்பத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு: யார் முதலில் மரையிடம் போய்ச் சேர்ந்தாலும் கொல்லக்கூடாது, மஃறூப் வரும்வரை உயிரோடு நிறுத்த வேண்டும். நாயெச்சில் ஆகாது என்பதால், நாய் கடித்த இடத்தை அவர் ஏழு தரம் கழுவுவார், அதில் ஒரு தரம் மண் பூசிக் கழுவுவார். அந்த நாளில் கொம்பைப் பிடிக்க நாலு பேர் இருந்தார்கள். இப்போது ஒரு மொண்டியும், மூச்சு இளைக்கும் ஒரு கிழவனும்தான் மிச்சம்.

இம்தியாஸ் தன் ஆட்டோவில் இருவரையும் ஏற்றிக்கொண்டு மேல்மலை ரோட்டுக்குப் போனான். பின் சீட்டில் காலடியில் மூன்று நாய்கள்: கட்டை குட்டையான கட்டையன், வாலிபன் சூடன், வயதான பெட்டை ராணி. மஃறூப் கால்களை மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார்.

"நானா, அது ஒங்களைக் கடிக்காது."

"கடிச்சாக் காரியமில்ல. நக்கினாத்தான் கஷ்டம்" என்றார் மஃறூப்.

நாய்களைக் காட்டோரத்தில் ஒரு மரத்தில் கட்டிய ஆண்டியப்பன், ஒவ்வொரு முடிச்சிலும் நீளமாக ஒரு நுனியை விட்டார். நாயைத் தொடாமல் அந்த நுனியை இழுத்தால் முடிச்சு தானாகக் கழன்றுவிடும். மஃறூப்புக்காக அவர் பழக்கிய முடிச்சு அது.

"நான் எறங்கினதும் அவுத்து விடுங்க. விட்டதும் நிக்காம நேரா குண்டுக்கு வந்துருங்க. என்னால ரொம்ப நேரம் புடிச்சு வைக்க ஏலாது."

"வந்துருவேன். ஒண்டும் யோசிக்காதீங்க."

இம்தியாஸ் ரோட்டிலேயே நின்றான். இரண்டு கிழவர்களும் அவனைக் காட்டுக்குள் விடவில்லை. பிடிபட்டால் அவனுடைய பிள்ளைகள் பட்டினி கிடக்கும்.

ஆண்டியப்பன் இறங்கினார். நடக்கவில்லை, உட்கார்ந்தபடியே இறங்கினார். தேயிலைச் செடிகளின் அடியைப் பிடித்து, நீட்டிய காலை முன்னால் தள்ளி, பின்பக்கத்தால் சறுக்கிச் சறுக்கி. ஊன்றுகோலும் ஈட்டியும் ஒன்றேதான்: கோப்பி மரக் கம்பின் நுனியில், தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிப் பொருத்தியிருந்தார். இடுப்பில் ஒரு சிறுகத்தி. குண்டுக்கு வந்தபோது உடுத்தியிருந்த சாரம் முழுக்க நனைந்திருந்தது.

அங்கே தண்ணீர் கறுப்பாகத் தேங்கி நின்றது. மேற்பக்கம் ஓடை விழுகிறது, இரு பக்கமும் பாறை. கீழ்ப்பக்கம் மட்டும் இரண்டு கற்களுக்கு நடுவில் ஒரு வாசல் அளவுக்கு இடைவெளி. அதன் வழியாகத் தண்ணீர் பள்ளத்துக்குப் போகிறது. மேலே நாய் நின்றால், மரைக்கு அந்த ஒரு வழிதான். ஆண்டியப்பன் அந்த வாசலில் போய் உட்கார்ந்தார். ஒரு கல்லில் முதுகைச் சாய்த்து, மடங்காத காலைக் குறுக்கே நீட்டி மற்றக் கல்லில் முட்டுக்கொடுத்தார். தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருந்தது.

"முனியப்பா, இது எனக்கில்ல" என்று முணுமுணுத்தார். "குத்தம் இருந்தா எம்மேல வை. அவளுக்கு ஒரு வாய் குடு."

கொஞ்ச நேரத்தில் மேலே கட்டையனின் தடித்த குரல் கேட்டது. பிறகு ராணியின் மெல்லிய ஊளை. சத்தம் மலைமுகட்டுக்குப் போய் மங்கியது, திரும்பியது, மறுபடி மங்கியது. பிறகு சட்டென்று மிக அருகில் கல் உருண்டது. மேல் ஓடையில் தண்ணீர் சிதறியது.

முதலில் தெரிந்தது கொம்பு. ஒவ்வொரு பக்கமும் மும்மூன்று கிளை. பிறகு, கறுத்துச் சடைத்த கழுத்து. வாயில் நுரை தொங்க, கொம்பன் குண்டுக்குள் பாய்ந்து, வயிறளவு தண்ணீரில் திரும்பி, பாறைக்கு முதுகைக் கொடுத்து நின்றது. அதன் மூச்சு பனியில் புகையாக வந்தது. அதன் கண்ணில் பயம் இருந்தது. அந்தப் பயத்தை ஆண்டியப்பன் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கிறார்.

நாய்கள் வந்தன. சூடன் வாலிபத் திமிரில் நேரே பாய்ந்தான். கொம்பன் கொம்பை நீட்டவே இல்லை. முன்னங்காலைத் தூக்கி ஒரே மிதி. முதுகெலும்பு முறிந்த சத்தம் தண்ணீருக்கு மேல் கேட்டது. சூடன் கத்தக்கூட இல்லாமல் மிதந்து வந்து ஆண்டியப்பனின் காலில் தட்டி நின்றான்.

"நானா!" என்று ஆண்டியப்பன் கத்தினார். "வந்துருச்சு! ஓடியாங்க!"

எங்கேயோ மிக மேலே, "வாறேன்... வாறேன்..." என்று இளைத்த குரல் ஒன்று கேட்டது.

கட்டையன் பக்கவாட்டில் நீந்திப் பின்தொடையைக் கவ்வினான். கொம்பன் சுழன்றது. சுழன்ற வேகத்தில் அதன் இடது விலா ஆண்டியப்பனுக்கு நேராகத் திறந்தது. முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சு இருக்கும் இடம், ஈட்டி எட்டும் தூரம். ஒரு குத்து. அதோடு எல்லாம் முடிந்துவிடும். கட்டையனும் பிழைப்பான். அவருடைய கைகள் தாமாகவே ஈட்டியை ஓங்கின.

ஓங்கிய ஈட்டியை அவர் திருப்பிப் பிடித்தார். கத்திமுனையை அக்குளுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு, அடிக்கம்பால் கொம்பனின் மூக்கில் ஓங்கி அடித்தார். "நில்லு! நில்லுடா அங்கனயே!"

அதற்குள் கொம்பு கட்டையனின் வயிற்றுக்குள் போயிருந்தது. கொம்பன் தலையை உதறியது. கட்டையன் பாறையில் மோதி விழுந்தான். குடல் வெளியே தொங்க அவன் எழுந்து நின்று, மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கப் பார்த்தான். இரண்டு அடி வைத்தான். பிறகு உட்கார்ந்தான். தான் தூக்கி வளர்த்த நாய் தன்னைப் பார்த்துக்கொண்டே சாவதை ஆண்டியப்பன் பார்த்தார். உயிரோடு நிறுத்துவது என்ற அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை உயிர் கொடுக்க வேண்டியிருக்கிறது!

"நானா... எங்க இருக்கீங்க?"

ராணி மட்டும் மிச்சம். கிழட்டு நாய், அதற்கு அறிவு உண்டு. கொம்புக்கு எட்டாமல் மேற்பாறையில் நின்று குரைத்தது. கொம்பன் அதைப் பார்த்தது. வாசலில் உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்த்தது. எது பலவீனம் என்று மிருகத்துக்குத் தெரியும். தலையைத் தாழ்த்திக்கொண்டு வாசலை நோக்கி வந்தது.

விலகியிருக்கலாம். ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் அது அவரைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போயிருக்கும். அவர் சரியவில்லை. கொம்பின் ஒரு கிளை அவருடைய தோளெலும்புக்குக் கீழே ஏறியது. ஈட்டி கை நழுவிப் போனது. இரண்டு கையாலும் அவர் கொம்பைப் பற்றிக்கொண்டார். கொம்பன் அவரைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டு, கல்லோடு சேர்த்து அழுத்தியது. வருஷக்கணக்காக மடங்காதிருந்த கால் அன்று மடங்கியது. மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது.

அவர் அலறியது அவருக்கே கேட்கவில்லை, வாய்க்குள் தண்ணீர். ராணி பாய்ந்து வந்து கொம்பனின் காதைக் கவ்வித் தொங்கியது. கொம்பன் இன்னும் அழுத்தியது. அதன் தொண்டை ஆண்டியப்பனின் மோவாய்க்கு நேராக இருந்தது. ரோமத்துக்குள் நரம்பு துடிப்பது அவருடைய கன்னத்தில் தெரிந்தது. வலதுகை கொம்பை விட்டு இடுப்புக் கத்தியைத் தேடிப் போனது. பிடி கைக்குள் வந்தது.

இப்போது குத்தினால் அவர் பிழைப்பார். பௌசியாவுக்கு ஒன்றும் இல்லை. இந்த வயதில், இந்தக் காலோடு, இன்னொரு வேட்டை கிடையாது; அவளுக்கும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இருக்குமோ என்னவோ. கத்தியை விட்டுவிட்டு மறுபடி கொம்பைப் பிடித்தார். பிடித்த கையை விடாமலிருப்பதைத் தவிர வேறொன்றும் அவர் நினைக்கவில்லை. தண்ணீர் மூக்குக்கு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அப்போது பாறைமேல் இரண்டு கால்கள் தெரிந்தன. மஃறூப். தொப்பியைக் காணோம், முகம் சாம்பல், வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தது. கையில் அறுக்கும் கத்தி; குத்த உதவாத மழுங்கல் நுனி.

"அறுங்க..." என்றார் ஆண்டியப்பன். "புடிச்சிருக்கேன். அறுங்க நானா."

மஃறூப் தண்ணீருக்குள் இறங்கினார். கத்தியை நீட்டினார். தொண்டை மேலிருந்தால் அறுக்கலாம். அது ஆண்டியப்பனின் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. கத்தி போகிற வழியில் முதலில் இருந்தது ஆண்டியப்பன். தலையைத் தூக்கினால் அறுக்கலாம். அதைத் தூக்க அங்கே நாலு பேர் இல்லை. காத்திருந்தால் கொம்பன் ஒரு தரமாவது தலையை நிமிர்த்தும். அந்த ஒரு தரம் போதும். அதுவரை கீழே கிடப்பவனுக்கு மூச்சு இருக்குமோ இல்லையோ.

மஃறூப் நின்றார். கத்தியை நீட்டியபடி, கொம்பனின் தொண்டையைப் பார்த்தபடி நின்றார். தண்ணீருக்குள்ளிருந்து ஆண்டியப்பன் அவருடைய முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் பௌசியா இருந்தாள். அவர் நிற்பதும், எதற்காக நிற்கிறார் என்பதும் ஆண்டியப்பனுக்கு விளங்கியது. கோபம் வரவில்லை.

பிறகு மஃறூப் கத்தியைத் தூக்கி எறிந்தார். குனிந்து, தண்ணீரில் கிடந்த ஒரு கல்லை இரண்டு கையாலும் பெயர்த்துத் தூக்கினார். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, "யா அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு கொம்பனின் உச்சந்தலையில் போட்டார். கல் சறுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தார். இந்தத் தரம் எலும்பு உடைந்தது. கொம்பன் முழங்காலில் விழுந்தது. மறுபடி எடுத்தார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் இரத்தம் பீறி ஆண்டியப்பனின் முகத்தில் சுடச்சுட விழுந்தது. அது செத்த பிறகும் மஃறூப் அடித்துக்கொண்டிருந்தார்.

"போதும் நானா. போதும்."

மஃறூப் கல்லைக் கீழே போட்டார். ஆண்டியப்பனின் சட்டைக் கொலரைப் பிடித்து, அங்குலம் அங்குலமாகக் கரைக்கு இழுத்தார். இழுத்துவிட்டுப் பக்கத்திலேயே விழுந்தார். இருவருடைய மூச்சும் ஒரே மாதிரி இரைந்தது.

கொம்பனின் பின்னங்கால் தண்ணீரை உதைத்தது.

"உசுரு இருக்கு" என்று ஆண்டியப்பன் எழும்பப் பார்த்தார். "காலு ஆடுது பாருங்க. கத்திய எடுங்க. சீக்கிரம்!"

மஃறூப் தவழ்ந்து போனார். கொம்பனின் கண்ணை விரலால் தொட்டார். இமை அசையவில்லை. மறுபடி தொட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அது உசிரில்ல. நரம்பு."

"யாருக்கு நானா தெரியும்? நீங்களும் நானுந்தானே இருக்கோம். அறுத்துருங்க."

"தின்னப்போறது பௌசியா" என்றார் மஃறூப். "நான் தின்னுறதெண்டா ஒருவேள அறுத்திருப்பேன். அவக்கிப் பொய்யக் குடுக்க ஏலா."

ஆண்டியப்பன் முகத்தைக் கல்லில் புதைத்துக்கொண்டு அழுதார். காலின் வலிக்கு அவர் அழவில்லை.

மஃறூப் போனில் கூப்பிட்டதும் இம்தியாஸ் வந்துவிட்டான். குண்டைப் பார்த்தான், தண்ணீர் முழுக்கச் சிவந்திருந்தது. ஈட்டிக் கம்பைக் காலோடு சேர்த்துக் கட்டி, ஆண்டியப்பனை முதுகில் தூக்கிக்கொண்டான். ராணியால் ஏற முடியவில்லை. தோள் கிழிந்து தொங்கியது. கட்டையனை ஒரு தரம் முகர்ந்துவிட்டு, மனிதர்கள் போகும் பக்கம் பார்த்து முனகியது. மஃறூப் கொஞ்சத் தூரம் ஏறி, நின்று, திரும்பி இறங்கினார். ஈரமும் இரத்தமுமாக இருந்த அந்த நாயை வாரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார்.

"வாப்பா, வைங்க, நான் திரும்பி வாறேன்" என்றான் இம்தியாஸ்.

"கழுவலாம்" என்றார் மஃறூப். "ஏழு தரம் கழுவினாச் செரி."

கொம்பனும் மற்ற இரண்டு நாய்களும் ஒரே குண்டில் கிடந்தன. யாரும் ஒரு துண்டு இறைச்சி எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோடு கடை வாசலால்தான் போகிறது. "நிப்பாட்டு தம்பி" என்றார் ஆண்டியப்பன். "தங்கச்சிகிட்ட நான் சொல்லிட்டுத்தான் வருவேன்."

கடையோடு சேர்ந்த வீட்டில், பௌசியாவின் கட்டிலை ரோட்டைப் பார்த்த யன்னலோரத்தில் போட்டிருந்தார்கள். ஆட்டோ நின்றதும் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கணவனின் சட்டையில் இரத்தம். சீட்டில் நீட்டிக் கிடக்கும் ஆண்டியப்பன். மஃறூப் யன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கெடச்சிது" என்றார். "ஹலாலாக்க ஏலாமப் போச்சி. இவரு அதுக்குக் கீழ கெடந்தாரு. கல்லால அடிச்சிட்டேன்."

அவளுடைய கண் இருவர் முகத்திலும் மாறி மாறிப் போனது.

"அண்ணன்" என்று கூப்பிட்டாள். "உண்மையச் செல்லுங்க. அடிக்க முந்தி இவரு யோசிச்சாரா?"

மஃறூப் தலையைக் குனிந்துகொண்டார். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

"யோசிக்கிறதா?" என்றார் ஆண்டியப்பன். "நல்லாக் கேட்டீங்க தங்கச்சி. வந்தாரு, கத்தியத் தூக்கி எறிஞ்சாரு, கல்லத் தூக்கினாரு. என்னையும் சேத்துக் கொன்னுருவாரோன்னு நாந்தான் பயந்துட்டேன்."

பௌசியாவின் முகம் தெளிந்தது. நோய் வந்த பிறகு அந்த முகத்தில் இப்படியொரு தெளிவை ஆண்டியப்பன் பார்த்ததில்லை. அவள் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், தன் தலையணையை மெல்ல மெல்ல இழுத்து, யன்னல் கம்பிக்கு இடையால் தள்ளினாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அவரு காலுக்குக் கீழ வைங்க. ரோடு செரியில்ல."

"ஒனக்கு?"

"எனக்கி வேறொண்டு எடுத்துக்குவேன். போங்க, நிக்காதீங்க."

ஆட்டோ பஜாரைத் தாண்டியது. மஃறூப் தரையில் குந்தி, தலையணையோடு சேர்த்து அந்தக் காலை மடியில் ஏந்திக்கொண்டிருந்தார். தேயிலைத் தொழிற்சாலை தாண்டியதும், மகனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நான் நிண்டேன். நீங்க கண்டீங்க."

"கண்டேன்."

"பொறகு ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

ஆண்டியப்பன் கண்ணை மூடியபடியே சிரிக்கப் பார்த்தார். வலி விடவில்லை.

"நீங்க மூணு மூச்சு நின்னீங்க. கீழ நீங்க கெடந்து, மேல நான் நின்னு, படுத்திருக்கிறது என் வேலாயியா இருந்தா, நான் பத்து மூச்சு நின்னிருப்பேன் நானா. அதையெல்லாம் பொம்பளைங்ககிட்டச் சொல்ல முடியுமா?"

மஃறூப் அந்தக் காலை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"இம்தியாஸ்" என்றார் பிறகு. "மெல்லப் போ மகன். முன்னுக்குப் பள்ளம் ஈக்கிது."